கம்பியில் நின்ற கூறைக் காசு

கொழும்பில் காசு பறக்கிறது என்று ஊருக்கு எழுதியபோது, சம்பளத்தைப் பற்றிப் புழுகுகிறேன் என்று நினைத்தார்கள். உண்மையாகவே பறக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியில் திறந்த புதிய புடவைக் கடையில், கோட்டையிலுள்ள வெள்ளைக்காரக் கடைகளைப் பார்த்து, கூரைக்குக் கீழே கம்பி கட்டியிருந்தார்கள். காசை மரச் செப்பில் அடைத்துக் கயிற்றை இழுத்தால், அது மாடியிலிருக்கும் காசாளரிடம் ஓடும். பற்றுச்சீட்டு அதே வழியில் திரும்பும். சீட்டு வரும்வரை சாமானைத் தொட விடமாட்டார்கள்.

யாழ்ப்பாணம் பெரியகடையில் முதலாளி பாயில் இருப்பார், நாங்களும் இருப்போம். ஒரு கையால் காசை வாங்கி மறு கையால் புடவையைத் தருவார். வாங்கிய நிமிடம் எதுவென்பதில் ஐயமே இல்லை. இனித் தொலைபேசியில் சொன்னாலே சாமான் வீட்டுக்கு வரும் காலம் வருமாம். அப்போது அந்த நிமிடத்தை எங்கே தேடுவது?

இது வீண் கேள்வி அல்ல. உலகப் போருக்கு முந்திய ஆனியில், ஒரு புதன்கிழமை, என் கலியாணத்துக்குப் பெண்ணின் கூறைப் புடவை எடுக்க அக்கா ஊரிலிருந்து இரயிலில் வந்தார். அந்த மாதத்தில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல நாள் அது; பன்னிரண்டுக்கு இராகுகாலம். அதற்குள் கூறை கைக்கு வராவிட்டால், ஆடி கழியும்வரை கலியாணம் இல்லை என்பது அக்காவின் தீர்ப்பு.

பதினொன்று ஐம்பதுக்கு அக்கா காசைக் கொடுத்தார். சிங்கள விற்பனையாளர் கயிற்றை இழுத்தார். செப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

"அக்கே, சல்லி மேலே நிக்குது. கொஞ்சம் இருங்கோ."

"தம்பி, இப்ப கூறை ஆற்றை? எங்கடையோ, கடைக்காரற்றையோ?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"காசு எங்கட கையை விட்டிட்டுது. கூறை எங்கட தான்."

"அவையின்ர கைக்குப் போகேல்லையே! உன்ர கலியாணம் கம்பியில தொங்குதடா."

"பயம் வேணாம் அக்கே, சல்லி விழாது," என்றார் விற்பனையாளர்.

நான் கைக்கடிகாரத்தைக் காட்டி, "ராகு" என்றேன். பதினொன்று ஐம்பத்தேழு.

"ஆ, ராஹுவா! முதல்ல சொல்லலாம்தானே! நாங்களும் நேரம் பாக்கிற ஆக்கள்தான். ஆனா சீட்டில்லாம குடுத்தா என்ட வேலை போகும்."

ஒரு கணம் யோசித்தார். கூறையை உதறி விரித்து, முந்தானையை அக்காவின் கையில் வைத்தார். மறுதலைப்பை விடவில்லை.

"கை பட்டிட்டுது, இவ்வளவு காணும்," என்றார் அக்கா. பன்னிரண்டு அடித்தது.

சீட்டு வரும்வரை இருவரும் பிடியைத் தளர்த்தவில்லை. எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல், நான் நடுவில் நின்று, புடவை தரையில் படாமல் தாங்கிக்கொண்டிருந்தேன்.