சீர்த்தட்டில் வந்த மஞ்சுநாத்

எனக்குப் பத்து வயது வரை காது குத்தவில்லை. பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், மொழுக்கென்ற காதுகளோடு பள்ளிக்கூடம் போன ஒரே பெண்பிள்ளை நான்தான். ஏன் என்று கேட்பவர்களிடம் அம்மா, "எந்தம்பி வரட்டும், அவன் மடியில ஒக்காத்தி வெச்சுத்தான் குத்துவேன்" என்பாள். அந்தத் தாய்மாமனை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். பெங்களூரில் கார் ஓட்டுகிறார், எங்கள் வீட்டுக்கு வரமாட்டார், ஏன் என்று கேட்கக் கூடாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான்.

அந்த வருடம் உறவில் ஒரு சாவு விழுந்தது. துக்க வீட்டில் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே நிற்க நேர்ந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டார்களாம். அம்மா அந்த இரண்டு வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டாள். வைகாசியில் எனக்குக் காது குத்து என்று நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த வாரமே மாமா அம்மாவின் போனில் என்னைக் கூப்பிட்டார்.

"தோடு, துணிமணி எல்லாம் மாமன் பாத்துக்கறேன். உனக்குன்னு ஆசையா ஒண்ணு கேளு சாமி."

"வீடியோ கேம்" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். அதற்குச் சேர்த்து வைத்து அடுத்த ஒரு மாதம் யோசித்தேன். கவலைப்படுவதில் எனக்கு இணை கிடையாது. பரீட்சை முடிந்து லீவு விட்ட பிறகும் பரீட்சைக்குப் பயப்படுகிற ரகம் நான்.

இரண்டு நாள் கழித்து மாமா மறுபடி பேசினார். "எட்டாயிரம் வெச்சிருக்கேன். அதுக்குள்ள ரெண்டு வருது. ஒண்ணு பி.எஸ். டூ. பழைய மாடலு, ஆனா பிரிக்காத பொட்டி. ரெண்டு ரிமோட்டு, அஞ்சாறு டிஸ்க்கு. இன்னொண்ணு பி.எஸ். த்ரீ. அது புது மாடலு, ஆனா ஒரு ஆளு வெச்சு ஆடுனது. ஒரு ரிமோட்டு, ஒரே ஒரு கார் ரேஸ் டிஸ்க்கு. நாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடு."

அதோடு என் தூக்கம் போயிற்று. டூ வாங்கினால் புத்தம் புதிது, ஆனால் காலாவதியானது. த்ரீ வாங்கினால் இந்தக் காலத்தது, ஆனால் எப்போது கண்ணை மூடும் என்று தெரியாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். காலையில் டூ ஜெயிக்கும், சாயங்காலம் த்ரீ ஜெயிக்கும். சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கு அரூரில் அரசு அலுவலகத்தில் வேலை. சான்றிதழ் கேட்டு வருகிற மனுக்களில் பெயர்களைச் சரிபார்க்கிறவர். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும், இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி இல்லாவிட்டாலும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் ஊரில் அவருக்குப் பெயரே 'இனிஷியல்' என்றாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஏதோ மிச்ச வேலை என்று கிளம்பியவர், என்னையும் கூட்டிப்போய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கேம் கடையில் விட்டுவிட்டுப் போனார். கடைக்கார அண்ணனிடம் என் நோட்டை நீட்டினேன்.

"டூவே வாங்கிக்க பாப்பா" என்றார் அவர். "த்ரீக்கு ஒரு டிஸ்க்கு வாங்கற காசுல இதுக்கு இருவது வாங்கலாம். ரிப்பேருன்னா நானே பாத்துத் தர்றேன். அது சூடாயி நின்னுபோச்சுன்னா பெங்களூருக்குத்தான் தூக்கிட்டுப் போவணும்."

அத்தனையும் நியாயம். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அத்தை வந்திருந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கூட வந்த அவர் மகன் ஒன்பதாவது படிக்கிறவன். "டூவா? அத இப்ப யாரு ஆடறாங்க?" என்று உதட்டைப் பிதுக்கினான். நியாயமெல்லாம் அந்த உதட்டின் முன்னால் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை எடுத்து, "த்ரீ மாமா" என்று சொல்லிவிட்டேன்.

மாமா, "சரி சாமி. ஆனா ஆளு ஆடுனதுன்னு வூட்டுல மூச்சு வுடாத. சீருல பழசு வெக்கக் கூடாது" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன். சீரில் பழசு வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அது தெரிய நான்கு நாள் ஆயிற்று. விசேஷத்துக்காக அம்மா பரணிலிருந்து பித்தளைச் சாமான்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடத்தின் கழுத்தில் ஏதோ பெயர் வெட்டியிருந்தது. யாரோ அரம் வைத்து ராவியும் முழுதாகப் போகவில்லை. விரலால் தடவிப் பார்த்தால் 'ராஜம்' வரை படிக்க முடிந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லையே என்றேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உன்னத் தொட்டில்ல போட்டப்ப உங்க மாமன் கொண்டாந்த சீரு. அப்ப அவனுக்கு வேலையுமில்ல, எங்களப் பெத்தவங்களும் இல்ல. பழசு வாங்கி, பேர ராவிக் கொண்டாந்துட்டான். உங்கத்தை புளி போட்டுத் தேச்சாங்க, பேரு பளிச்சுனு வந்துருச்சு. அடுத்தவங்க பேரு வெட்டுன குடத்த எம்பொண்ணுக்குச் சீரு வெக்கறியான்னு உங்கப்பா நாலு பேரு முன்னால கேட்டுட்டாரு. அன்னிக்கிப் போனவன்தான்."

அம்மா குளிக்கப் போன நேரத்தில் மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, டூவே போதும். எனக்கு த்ரீ வேண்டாம்."

"வாங்கியாச்சு சாமி" என்று சிரித்தார் அவர். "புது அட்டப்பொட்டியில போட்டு, ஜிகினாப் பேப்பர் சுத்திட்டா எவனுக்குத் தெரியும்?"

அத்தைக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் தெரிந்த மாதிரி. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அத்தை ஒரு கை நிறையப் புளியோடு என் கேம் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நாளும் வந்தது. பம்பை மேளம் முழங்க, இருபத்தொரு தட்டோடு மாமா தெருவில் நடந்து வந்தார். போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தார், முன்மண்டையில் முடி இல்லை. அப்பா, "வாங்க" என்று பொதுவாக, தட்டுகளைப் பார்த்துச் சொன்னார். வாசல் பந்தலில் தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்தார்கள். அத்தை முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தார். புடவையைப் பிரித்து விரலால் நெருடினார். வெள்ளிக் கொலுசை உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்தார். ஜிகினாப் பேப்பர் சுற்றிய தட்டின் முன்னால் வந்து நின்றார்.

"இது என்ன பொட்டி?"

"டிவியில ஆடற கேமுங்க" என்றார் மாமா.

"எங்க, போட்டுக் காட்டுங்க. வேல செய்யுதான்னு பாக்கோணுமில்ல."

அத்தை மகனுக்குக் கேட்கவா வேண்டும். அரசாங்கம் கொடுத்த எங்கள் சின்ன டிவியை வாசற்படிக்குத் தூக்கி வந்து, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று ஒயர்களைச் செருகி முடித்துவிட்டான். பெட்டி ஒரு முறை கீச்சென்றது. திரையில் நீலமாக ஏதோ நெளிந்தது. நடுவில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. அவன் திரையில் மூக்கு உரசும்படி குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தான்.

"மஞ்சுநாத்!"

"மஞ்சுநாத்தா? யாருடா அது?" என்றார் அத்தை.

முன்னால் ஆடிய ஆள் தன் பெயரை அழிக்காமலே விற்றிருக்கிறான். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக நின்றாள். டூ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அவன் உதட்டைப் பிதுக்கினான் என்பதற்காக நான் என் அம்மாவின் தம்பியைத் தொலைத்துவிட்டேன். மாமா இப்போது துண்டை உதறிக்கொண்டு கிளம்பப் போகிறார், நான் சாகும்வரை என் காது மொழுக்கென்றே இருக்கப் போகிறது.

அப்பா வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டார். டிவி முன்னால் குத்துக்காலிட்டு அமர்ந்து அந்த ஒரே வார்த்தையை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அது கம்பெனிக்காரன் பேரு, அக்கா. எல்லாப் பொட்டியிலயும் வரும்."

"எந்த ஊருக் கம்பெனி?"

"ஜப்பானு."

"ஜப்பான்காரனுக்கும் நம்ம பக்கத்துப் பேராட்டமே இருக்குது பாரேன்" என்று ஆச்சரியப்பட்டபடி அத்தை அடுத்த தட்டுக்குப் போனார். அத்தை மகன், "இல்ல மாமா, அது வந்து..." என்று வாயைத் திறந்தான். "நீ போயி பந்தியில எல போடு" என்று அப்பா அவனைத் துரத்திவிட்டார்.

பிறகு காது குத்தினார்கள். பத்து வயதுப் பெண் ஒருவர் மடியில் உட்காருவது எவ்வளவு கூச்சம் என்று அதுவரை நான் கவலைப்பட மறந்திருந்தேன். மாமா என்னைத் தூக்கி மடியில் இருத்திக்கொண்டார். ஆசாரி ஊசியோடு குனிந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். என் தலையைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கை மாமாவின் தோளில் இருந்தது.

"மச்சான், புள்ளையக் கெட்டியாப் புடிங்க" என்றார்.

மாமா என்னைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். நான் வீரிட்டு அலறினேன். அம்மாவும் அழுதாள். எனக்கு வலிக்கிறதே என்றுதான் அழுகிறாள் என்று இருந்தேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகும் மாமா கிளம்பவில்லை. பந்தலுக்குக் கீழே அப்பாவும் அவரும் நாற்காலி போட்டு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ரிமோட்டோடு அப்பாவிடம் போனேன்.

"அப்பா, அந்தப் பேர எடுத்துட்டு எம்பேரப் போட்டுக்கட்டுமா?"

"வேணாம்" என்றார் அப்பா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "கம்பெனிக்காரன் பேர எடுத்தா மிசினு கெட்டுப்போவும்." மாமா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. ஓர் எழுத்துப் பிசகைக்கூட விடமாட்டார் என்று ஊரே பயப்படும் மனிதர். அவரைக் கார் ஓட்டுகிற மாமா இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டாரே! உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. மாமாவுக்குச் செய்த சத்தியம் தடுத்தது. இரண்டு காதும் விண்விண்ணென்று தெறிக்க, இப்படிப்பட்ட அப்பாவை ஆபீசில் யார் யாரெல்லாம் ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்களோ என்ற புதுக் கவலையோடு, மஞ்சுநாத்தின் பெயரில் என் முதல் ஆட்டத்தைத் தொடங்கினேன்.