எண்ணூறு சிசி

காரில் ஏறியதும் லிங்கராஜ் செய்யும் முதல் வேலை, பெட்ரோல் முள்ளின் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவது. ஊசி போடும் முன் காற்றுக்குமிழ் போகச் சிரிஞ்சைத் தட்டுவார்களே, அதே தட்டு. தட்டினால் முள் கொஞ்சம் மேலே ஏறும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவருடைய மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டே ஏழு வருஷம் ஜெயப்பிரியா அதைப் பார்த்தாள். முள் ஒருநாளும் ஏறவில்லை.

கோவில்பட்டியில் மருந்து விற்றவர்தான் லிங்கராஜ். ஆனால் தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. 1996இல் பழைய அம்பாசிடரைத் தள்ளிவிட்டு, எண்ணூறு சிசி வண்டி ஒன்று வாங்கினார். அன்று கடை வாசலில் ஒரு பிரசங்கம்.

"சிசின்னா என்னன்னு எங்கிட்ட கேளுங்கடே. நித்தம் நூறு ஊசி விக்குதேன், எனக்குத் தெரியாதா? அம்பாசிடரு ஆயிரத்தைந்நூறு சிசி. அது குடிக்கிற அளவு அம்புட்டு. இது எண்ணூறு. பாதி வயிறு, பாதித் தீனி. சோலி முடிஞ்சுது."

சிசி என்பது இன்ஜின் சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தின் அளவு. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த ஜெயப்பிரியாவுக்கு அது தெரியும். சொல்லவில்லை. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். வேலையில் முதல் வாரம். முதலாளியின் காரை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா வெயிலுமுத்து. இப்படி வாயை மூடிக்கொள்ளப் பல காரணங்கள் வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் பயம் என்றுதான் பெயர் என்பது பிறகு புரிந்தது.

பாதி வயிற்று வண்டியில் லிங்கராஜ் ஏற்றிய பாரத்தைப் பார்க்க வேண்டும். மதுரையிலிருந்து குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் பின்பக்கம் முழுக்க. கூரைக் கேரியரில் இன்னும் எட்டு. முன்சீட்டில் லிங்கராஜ், அவர் மடியில் ஒன்று. சின்ன மேட்டுக்கே வண்டி முக்கும். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் எதிர்பார்த்தவருக்குப் பதினொன்று கிடைத்தது. அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் அவர் மூளைக்கு எட்டியது.

"ஏலே வெயிலு, குழாய் போட்டு உறிஞ்சி எங்கன விக்க?"

"அண்ணாச்சி, பதினஞ்சு வருசமா உங்க வண்டிதான் ஓட்டுதேன். என்னையப் பாத்து இப்படிக் கேக்கலாமா?"

"அப்ப சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு."

ஒரு திங்கட்கிழமை காலை. மருந்து வாங்க வந்தவர்கள் சீட்டும் கையுமாக நின்றார்கள். வெயிலுமுத்து எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"எடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்."

சூடத்தை அணைத்த பிறகு பகையாளிகூட மேற்கொண்டு பேச மாட்டான். லிங்கராஜ் மறுநாளே டேங்குக்குப் பூட்டு மூடி போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். பெட்ரோல் பங்கில் வேட்டியைத் தளர்த்தித் தொப்பைக்கு அடியில் அவர் சாவியைத் துழாவும்போது பங்கே சிரிக்கும். ஆனாலும் பட்டப்பெயர் விழுந்தது அவருக்கில்லை. "பெட்ரோல் வெயிலு" என்று அப்பாவுக்கு விழுந்தது. டீக்கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

பூட்டிய பிறகும் பதினொன்றுதான். "மாத்துச்சாவி வச்சிருக்கான்" என்றார் லிங்கராஜ்.

ஜெயப்பிரியா வாயைத் திறக்க இரண்டு வருஷம் ஆனது.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை நீங்களே கூட உக்காருங்க. நானும் வாரேன். வெறும் வண்டியா ஒரு தடவ, பாரத்தோட ஒரு தடவ சாத்தூர் போயிட்டு வருவோம்."

டேங்கைத் தளும்ப நிரப்பிக்கொண்டு போனார்கள். வெறும் வண்டியாகப் போய்த் திரும்பி, மறுபடி தளும்ப நிரப்ப இரண்டரை லிட்டர் பிடித்தது. பெட்டிகளை ஏற்றிப் போய் வந்ததும் நாலு லிட்டருக்கு மேல்.

"வெறும் ஆளோட போனா சின்ன இன்ஜினுக்குச் செலவு கம்மிதான் அண்ணாச்சி. லாரிச் சுமைய ஏத்திட்டு நீங்க வெரட்டச் சொன்னா, பூரா மூச்சையும் விட்டுல்லா இழுக்கணும்? அதான் குடிக்கி. எங்கப்பா குடிக்கல."

லிங்கராஜ் முள் கண்ணாடியைத் தட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது.

"சரி பிள்ள. ஒங்கப்பன் எடுக்கலன்னு கடையில எல்லாரும் இருக்கையில நானே சொல்லுதேன். நல்ல நாள் பாத்துச் சொல்லுதேன்."

முதலில் அஷ்டமி. பிறகு ஆடி. பிறகு மார்கழி. பழி சொன்ன திங்கட்கிழமைக்கு அவர் காலண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவி இடுப்பிலேயே கிடந்தது. அந்த ஆளை நினைத்தாலே ஜெயப்பிரியாவுக்கு இளக்காரமாக இருக்கும். அந்த வாசலில், முதல் நாளே நான் சொல்லியிருந்தால் சூடம் எரிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளும்போது அந்த இளக்காரம் தன் பக்கமும் திரும்பும்.

2003 பங்குனியில் லிங்கராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லாவிலேயே சாய்ந்தார். குளிப்பாட்டும்போது அறுத்த அரைஞாண் கயிற்றை அவர் மனைவி மீனாட்சியம்மாள் ஈரத்தோடு வெயிலுமுத்துவிடம் நீட்டினாள். சாவி அதில் தொங்கியது.

"சொந்தக்காரவிய கழுகுமலையில காத்துக் கெடக்காவ. பெட்ரோல் போட்டுட்டுப் போயிக் கூட்டிட்டு வாரும்."

இன்னும் ஏதாவது சொல்வாளா என்று ஜெயப்பிரியா பார்த்தாள். மீனாட்சியம்மாள் அழத் திரும்பிவிட்டாள். அப்பா சாவியை வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.

"கழுகுமலைக்கு வண்டி யாரு கொண்டுபோறா?" என்று பந்தலில் ஒருவர் கேட்டார்.

"வேற யாரு, பெட்ரோல் வெயிலுதான்."

சொல்லுதேன் என்றவர் வாய்க்கட்டோடு படுத்திருந்தார்.