கால் கிண்ணம் தேநீர்

கிண்ணத்தை வாங்கும்போது ஓராஸ்பாய் மனைவியின் முகத்தைப் பார்ப்பதில்லை. தேநீர் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்ப்பார். அடியில் கொஞ்சமாக ஊற்றினால், இன்னும் உட்காருங்கள் என்று அர்த்தம். தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். கசாக் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாற்பத்தோரு வருடமாக ரௌஷான் அவருக்குக் கால் கிண்ணத்துக்கு மேல் ஊற்றியது கிடையாது.

அல்மாத்திக்கு வெளியே ஆப்பிள் தோட்டங்களில் ஒட்டுக்கட்டுவது அவர் தொழில். சட்டைப்பையில் கத்தி இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். மரங்களோடு ஓயாமல் பேசுவார், மனிதர்களிடம் சிக்கனம். ரௌஷானுக்கு அல்சைமர் என்று தெரிந்ததும் ஸ்டெம் செல் ஊசியைத் தேடிப்பிடித்தவர் அவரேதான்.

"இது இன்னும் சோதனையிலதான் இருக்கு, பெரியப்பா. பலிக்கும்னு என்னால சொல்ல முடியாது," என்று டாக்டர் பெண் தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"அவ எலும்புலேர்ந்து எடுத்த குருத்தை அவளுக்கே வைக்கிறீங்க. புடிக்காம எங்கம்மா போகும்? நான் வேத்து மரத்துலயே புடிக்க வைக்கிறவன்."

மூன்று ஊசி ஆயிற்று. ஒட்டு துளிர்க்க அவர் கொடுக்கும் கெடு நாற்பது நாள்; ஊசிக்கும் அதையே வைத்தார். அதுவரை பக்கத்து வீட்டு சாபிரா விசாரித்தால், "நேத்து பேர் சொல்லிக் கூப்பிட்டாளே," என்பார். கூப்பிட்டது உண்மைதான். ஆனால் அது இறந்துபோன அவள் தம்பியின் பெயர்.

ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் தேதி கேட்பதும் கடிகாரம் வரையச் சொல்வதும் அவருக்கு எரிச்சல். "தேதி அவளுக்கு எந்தக் காலத்துல தெரிஞ்சுது?" என்பார். பெயர் போய், பிள்ளைகள் முகம் போய், கடைசியில் அவர் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கால் கிண்ணத்தைத்தான்.

நாற்பதாம் நாள் காலை, ரௌஷான் பால் விட்டாள், தேநீர் விட்டாள், விட்டுக்கொண்டே இருந்தாள். விளிம்புவரை வந்ததும் இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"குடிங்க. நேரமாகுது, உங்க வீட்ல தேடப்போறாங்க."

அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். "நல்லா இருந்துச்சும்மா," என்றார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

படியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.