சிவநேசனின் தலையிடி

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் நான் இன்ஜின் மெக்கானிக்காக இருந்த காலம். ஆகஸ்ட் வெயிலில் சிவநேசன் அந்த வண்டியைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். துபாயில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். சைலன்சரில் கரும்புகை, பெட்ரோல் நெடி கண்ணை எரித்தது.

“பெட்ரோலைக் குடிக்குது அண்ணை. ரெண்டு கிழமையா எனக்கும் தலையிடி விடுதில்லை.” தலைவலியை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

பிளக்குகளைக் கழற்றினேன். எல்லாம் கரி. ஸ்கேனரை மாட்டினால், கொதிக்கிற இன்ஜினைக் குளிர்ந்து கிடப்பதாகக் காட்டியது. இன்ஜின் சூட்டை அளந்து சொல்லும் கூலன்ட் சென்சார் போய்விட்டது. இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றியது. ‘ரிச்’ ஓடுகிறது என்போம். அரைகுறையாக எரியும் பெட்ரோலில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு வாசனை கிடையாது.

வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே, புகை போகும் எக்ஸாஸ்ட் பைப்பில் விரிசல். அதற்கு மேலே தரைத்தகட்டில் ஓட்டை.

“மத்தியானம் எங்க படுப்பீங்க?”

“வண்டிக்குள்ளதான். அறையில ஏசி வேலை செய்யுதில்லை. ஸ்டார்ட்டில விட்டுட்டுக் கொஞ்சம் கண்ணயருவன்.”

ஓட்டையைக் காட்டினேன். “இனிமே இதுல தூங்காதீங்க. உள்ள வர்றது விஷம்.”

அதற்குள் கராஜ் முதலாளி வந்துவிட்டார். கீழக்கரைக்காரர். “வண்டிக்குச் சொந்தக்கார அரபாப் போன் மேல போன் போடுறாரு. பிளக்கைத் துடைச்சு மாட்டி அனுப்பு. மிச்சத்த நாளைக்குப் பாக்கலாம்.”

“பாய், ஆளு செத்துருவாரு.”

“அதான் சொல்லிட்டியே, தூங்க மாட்டாரு.”

சிவநேசனே சாவிக்குக் கை நீட்டினார். “போகாட்டி வேலையால நிப்பாட்டிப் போடுவினம் அண்ணை. கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடுறன்.”

மறுநாள் வண்டி ரெக்கவரி லாரியில் ஏறி வந்தது. வீட்டுப் பெண்களை ஒரு விருந்துக்கு இறக்கிவிட்டு, வெளியே காத்திருந்திருக்கிறார். வெக்கை தாங்காமல் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டிருக்கிறார். வாட்ச்மேன் பார்த்தபோது ஸ்டீயரிங்கில் சாய்ந்து கிடந்தாராம்.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்: “நீங்கள் ஆர்?”

ஞாபகம் திரும்பாமலே, சில வாரங்களில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு என்ன ஆனார் என்று தெரியவில்லை.

அந்தப் பைப்பை முதலாளியே வெட்டி எடுத்தார். நான் சென்சாரை மாற்றினேன், புகை நின்றது. வண்டியை எடுக்கப் புது டிரைவர் வந்தார்.

மெக்கானிக் தம்பிகளே, ரிச் ஓடும் வண்டி வந்தால், பானட்டைத் திறப்பதற்கு முன் ஓட்டி வந்தவருக்குத் தலைவலி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், வேலை முடியும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். யார் கத்தினாலும் கத்தட்டும்.