உப்பு தின்ற வீடு

போன வாரம் எலுமிச்சங்காய் ஊறுகாய் போடக் கல் உப்பு வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஜாடியில் கொட்டியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. உப்பின் மேல் யாராவது கோபப்படுவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் படுகிறேன். ஆம்பூரில் ஒரு வீட்டையே உப்பு தின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

என் வீட்டுக்காரர் கட்டிய வீடு அது. டேனரியில் தோல் ஊறும் டிரம்மைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே கல் சுமந்து, தானே கலவை குழைத்துக் கட்டினார். கடைசியில் வாசல் நிலைக்கு மேலே ஈரச் சிமெண்டில் ஆணியால் தன் பேரைக் கீறினார். "உம் பேரையும் எழுதட்டா?" என்று கேட்டார். நான் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

பேர் என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வருகிறது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். கடைக்கார பாய் கேட்டால், "வேளாங்கண்ணி மாதா பேருங்க, பின்னாடி சாமி சேத்துக்குங்க" என்பேன். "ஆரோக்கியசாமின்னு சொல்றதுக்கு இவ்ளோ பேஜாராம்மா?" என்று அவரே எழுதிக்கொள்வார். எனக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பெல்லாம் கடையோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார், போய்விட்டார். மகளுக்கு அப்போது பத்து வயது. வீடு மகளுக்கு என்று உயில் எழுதியிருந்தார். ஆனால் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு அந்தக் காலத்தில் உயில் மட்டும் போதாது. செத்தவர் சொத்தை இன்னார் பார்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டும் ஒரு பேப்பர் தர வேண்டும். என் மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், வேலூர் கோர்ட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"இறந்தவர் பேர் என்னம்மா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "மாதா பேருங்க" என்றேன். கோர்ட்டே சிரித்தது. மூத்தார் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "வெவரம் தெரியாத பொம்பளைங்கய்யா. நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். பேப்பர் அவர் பேருக்கு வந்தது. மகளுக்குப் பதினெட்டு முடியும்வரை செல்லும் என்று எழுதியிருந்தது. இதை என் தப்பு என்று சொல்லாதீர்கள். சிரித்தவர்களைப் போய்க் கேளுங்கள்.

"பொம்பளப் புள்ளய வச்சிக்கினு தனியா இன்னா பண்ணுவே?" என்று மூத்தார் எங்களைத் தன் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோனார். எங்கள் வீட்டைத் தோல் மண்டிக்காரருக்கு வாடகைக்கு விட்டார். நான் ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலைக்குப் போகும்போது தினமும் அந்த வழிதான். நான் கோலம் போட்ட வாசலில் உப்புத் தண்ணி ஒழுகும். என் வீட்டுக்காரர் கட்டில் போட்ட அறையில் உப்பு தடவிய பச்சைத் தோல் கூரைவரை அடுக்கியிருக்கும். சுவரில் உப்பு வெள்ளையாகப் பூத்துப் பூத்து உதிரும்.

மூத்தாரிடம் நேரில் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. அவர் மனைவியிடம்தான் சொல்வேன். "அக்கா, செவுரு வீணாப் பூடுது. அவருகிட்ட சொல்லுங்க."

உள்ளேயிருந்து அவர் குரல் வரும். "செவுரு வந்து சொல்லிச்சாமா? பொழப்பப் பாக்கச் சொல்லு."

மகள் வேலூரில் நர்ஸ் படிப்புக்குப் போனாள். பதினெட்டு முடிந்ததும் வீட்டைக் கேட்டாள். "அந்தப் பேப்பர் காலாவதி ஆயிடுச்சி, இனிமே செல்லாது. புதுசா வாங்கணும். என் பேர்லயே மனு போட்டுட்டேன்" என்றார் பெரியப்பா. பெண் படிக்கிறாள், தாய்க்குப் புருஷன் பேர் சொல்லக்கூடத் தெரியாது, அதனால் அதிகாரத்தைத் தனக்கே புதுப்பித்துத் தர வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்தார். எட்டு வருஷம் உப்பு போட்டது போதவில்லை அவருக்கு.

மகள் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து எதிர்மனு போட்டாள். கோர்ட் வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, இந்த வாட்டியும் மாதா பேரு சொல்லிட்டு வந்தே, நான் உங்கூடப் பேசவே மாட்டேன்."

டவாலி என் பேரைக் கூவினார். கூண்டில் ஏறினேன். வேறு ஜட்ஜ், அதே கேள்வி. என் கை முந்தானைக்குப் போனது. பின்னாலிருந்து மூத்தார் குரல். "அவங்க சொல்ல மாட்டாங்கய்யா, நான்..."

பொத்துக்கொண்டு வந்தது கோபம் எனக்கு. "ஆரோக்கியசாமி!" என்று கத்தினேன். "அந்த வீட்டக் கட்னவரு ஆரோக்கியசாமி! செவுத்துல பேர் எழுதனவரு ஆரோக்கியசாமி!"

"போதும்மா, காது கேக்குது" என்றார் ஜட்ஜ். யாரும் சிரிக்கவில்லை. திரும்பி முதல் முறையாக மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பேப்பர் மகள் பேருக்கு வந்தது. மண்டிக்காரர் காலிசெய்த அன்று ஒரு மேஸ்திரியோடு போனோம். அவர் விரலால் தட்டினார். செங்கல் மாவாகக் கொட்டியது. "உப்பு ஏறிப் பூட்ச்சிக்கா. பூசினாலும் நிக்காது. இட்ச்சிடுங்க." இடித்தோம். மனையையும் மகள் விற்றுவிட்டாள். இப்போது அங்கே பிரியாணிக் கடைக்கு வருகிறவர்களின் வண்டிகள் நிற்கின்றன.

மூத்தாரும் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் போனேன், அழவில்லை.

என் மகள் அடுப்படியிலிருந்தே புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தப் பழைய வழக்கம் ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆணியால் கீறிய எழுத்துதான் மனதை அறுக்கிறது. ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுத்துக் கூட்டி ஒரு நாளாவது அதை வாய்விட்டுப் படித்திருக்கலாம். படிக்கத் துணிச்சல் வந்து மேஸ்திரியோடு போய் நின்ற அன்று, நிலைக்கு மேலே சிமெண்டே இல்லை.