ரத்னம்மா வீட்டுத் தொட்டியின் அடித்தண்ணீர்

ஓசூரில் மீன் தொட்டி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். தலை நரைத்துவிட்டது. இன்றும் ஒரு தொட்டியில் கோளாறு பிடிபடவில்லை என்றால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். போன மார்கழியில் பாகலூரில் அப்படி ஒன்று கிடைத்தது.

போன் செய்தவர் ரத்னம்மா. "தம்பி, டிஸ்கஸ் மீனு ரெண்டு செத்துப்போச்சு. மிச்சம் நாலும் தீனி எடுக்கல. எங்க வீட்டுக்காரரு தொட்டியையே யாருக்காச்சும் குடுத்துடலாங்கறாரு. கொஞ்சம் வந்து பாருப்பா."

அவர் கணவர் வெங்கடேசப்பா இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீன்கள் அவர் ஆசைப்பட்டு வாங்கியவை. தொட்டியின் அடியில் விரிப்புப் போல வளர்த்திருந்த கார்பெட் புல் ரத்னம்மாவுடையது.

போய்ப் பார்த்தேன். நான்கு மீன்களும் நிறம் கறுத்து, ஹீட்டரை ஒட்டி மேல்மட்டத்திலேயே நின்றன. ஆக்சிஜன் குறைவோ என்று நினைத்தேன். ஆனால் செவுள் வேகமாக அடிக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் இருபத்தொன்பது டிகிரி காட்டியது. டிஸ்கஸுக்கு அது சரியான சூடு. அந்தச் சூட்டில் என் கடையில் இதே புல் கரைந்துபோயிருக்கிறது. இங்கே மட்டும் எப்படிப் பச்சைப் பசேலென்று படர்கிறது?

ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையை அடிவரை விட்டேன். சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டரைக் கழற்றி மணலருகே பிடித்தேன். இருபத்திரண்டு!

"ஃபில்டர் ஓடலையாம்மா?"

"அந்தச் சத்தம் இவருக்கு ஆகாதுப்பா. ஆஃப் பண்ணிடறாரு."

வெங்கடேசப்பா முகத்தைச் சுளித்தார். "வேலைக்குப் போன காலம் பூரா பிரஸ்ஸு அதிர்வு. வீட்லயும் கிர்ருங்குது. எப்படி உக்கார்றது?"

விஷயம் புரிந்தது. ஹீட்டரை உயரத்தில் மாட்டியிருந்தார்கள். ஃபில்டர் ஓடாததால் தண்ணீர் கலக்கவில்லை. சூடு மேலேயே நின்றது; அடிக்குளிரில் புல் தழைத்தது. தீனியோ அடியில் போய் விழுந்தது. அந்தக் குளிரில் மீன் இறங்குமா?

"தண்ணி கலந்தா மீன் பொழைக்கும். புல்லு தாங்காதும்மா" என்றேன்.

"அய்யோ, இப்பதானே நல்லா வந்துச்சு!"

புல்லைப் பெயர்த்து, ஹீட்டர் இல்லாத சின்னத் தொட்டியில் வைத்துத் தருவதாகச் சொன்னேன். டிஸ்கஸ் தொட்டியில் சூடு தாங்கும் அனுபியாஸ் செடியைக் கட்டையில் கட்டி வைக்கலாம். ரத்னம்மா அரைமனதாகத் தலையாட்டினார்.

சத்தத்துக்கு வழி நான் யோசிக்கும் முன்பே வெங்கடேசப்பா எழுந்து ஃபில்டர்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடியில முட்டுது பாரு. மெஷினுக்கு அடியில ரப்பர் போடுவோமில்ல, அது மாதிரிதான்."

பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இடையில் செருகினார். ஃபில்டரைப் போட்டதும் காதை வைத்துக் கேட்டார். "ம்... ஓடட்டும்."

ஹீட்டரைக் கீழே இறக்கி மாட்டினேன். மேல்நீர் சட்டென்று குளிர்ந்துவிடாதபடி வெந்நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டு, சூடு நிலைக்கும் வரை அங்கேயே இருந்தேன்.

சில நாள் கழித்து வெங்கடேசப்பாவே போன் செய்தார். "நாலும் கீழ இறங்கித் தின்னுதுப்பா! ஆனா இவ புல்லுத் தொட்டிய டிவி பக்கத்துல வெச்சுட்டா. நான் எதைப் பாக்கறது?"

இப்போதெல்லாம் எந்தத் தொட்டியானாலும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் சூடு பார்க்கிறேன். தெர்மாமீட்டர், தான் இருக்கும் இடத்துச் சூட்டை மட்டுமே சொல்லும். மற்ற இடத்து நிலவரத்தை, மீன் எங்கே நிற்கிறது, செடி எங்கே தழைக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.