அப்பாவின் மானியக் கிணறு

எங்கள் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைப் பெறும் உறவினர்க்கும் ஊராருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், இதை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

அப்பா பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டிய சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, பிறர் மாடுகளை மேய்த்து வளர்ந்தார். அம்மாவை மணந்தபோது அவருக்கு இருந்தது மழையை நம்பிய கல்லாங்காடு மட்டுமே. கடுஞ்சொல் பேசியறியாதவர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

உலகச் சண்டைக் காலத்தில் தானியத்துக்கு ஊரே தவித்தபோது, உணவுப் பயிருக்காகக் கிணறு வெட்டுகிறவர்களுக்குச் செலவில் ஒரு பங்கைச் சர்க்கார் மானியமாகத் தரும், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று அறிவிப்பு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். பக்கத்துக் காட்டுக்காரரான என் தாய்மாமன் சிரித்தார்.

"வாங்கறதுக்குத்தான் சர்க்காரு வரும் மச்சான். குடுக்கறதுக்கு வந்து எங்கியாச்சும் பாத்திருக்கியா?"

"இந்த ஒரு தடவ வரட்டுமே, பாத்துப்புடலாம்" என்றார் அப்பா.

உழவு எருதுகள் இரண்டையும் விற்றுப் பாறைக்கு வெடி வைத்தார். தண்ணீர் வந்தது, ஆனால் மெல்லிய ஊற்று. காலையில் இறைத்தால் தரை தெரியும், பிறகு நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். அதிகாரி வந்து கிணற்றில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து எழுதினால்தான் மானியம். அது வராவிட்டால் எருது இல்லை. எருது இல்லாவிட்டால் ஆடியில் உழவும் இல்லை.

சித்திரையில் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. அந்த ஊற்றை நம்பி நட்டிருந்த கேழ்வரகு கதிர் வாங்கும் சமயம்.

"நாலு நாளு எறைக்காம வுடுங்கப்பா. கெணறு நெறஞ்சு நிக்கும்" என்றேன்.

"பயிரு வாடிப்போயிடுமே. தானியத்துக்குத்தான சர்க்காரு குடுக்குது? தானியத்தக் காயவுட்டுட்டுத் தண்ணியக் காட்டுனா ஞாயமா?"

படித்தவன் சொல்லைக் கேட்கவில்லையே என்று எனக்குக் கோபம். அதிகாரி வந்த அன்று காலையிலும் மாமாவின் எருதுகளைக் கேட்டு வாங்கிக் கவலை ஏற்றத்தில் பூட்டி, தரை தெரிய இறைத்துப் பாய்ச்சினார்.

சைக்கிளில் வந்த அதிகாரி கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். கல் சேற்றில் உட்கார்ந்தது.

"என்னய்யா இது, கிணறா, குழியா?"

"காலைல எறச்சுட்டனுங்க. செத்த நேரம் இருங்க, ஊறிடும்."

"நான் இன்னும் மூணு ஊரு போகணும்."

"வெயிலு தாழட்டுங்க. ஒரு சொம்பு மோரு குடிங்க."

மோரைக் குடித்துப் புளியமரத்தடியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் எடுத்தார்.

"யாரும் எழுப்பிப்புடாதீங்க, இன்னொரு மொழம் ஊறட்டும்" என்று மாமா கிசுகிசுத்தார்.

எழுந்தவர் மறுபடியும் கல்லை இறக்கினார். 'தளக்' என்றது. நனைந்த கயிற்றைக் கையால் முழம் போட்டுப் பார்த்தார்; பச்சென்று நின்ற கேழ்வரகையும் பார்த்தார். எழுதிக்கொண்டு போனார். அறுவடை முடிந்து மானியம் வந்தது. அதில் ஒரு எருதுதான் வாங்க முடிந்தது. அதற்கு ஜோடியாக மாமா தம்முடையதில் ஒன்றைக் கடைசிவரை எங்களிடமே விட்டுவைத்தார்.

போன பங்குனியில் மார்ச்சளி கண்டு அப்பா படுத்தார். பேச்சுக் குறைந்த நாட்களிலும் "ஊத்து எப்படி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரை வண்டியில் தருமபுரி மருத்துவமனைக்குக் கொண்டுபோன பங்காளிகளுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அத்தைமாருக்கும், ஒற்றை எருதோடு நாங்கள் நின்றபோது கைகொடுத்த மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

பதினாறாம் நாள் அன்று வந்தவர்கள் குளிக்கவும், சமையலுக்கும் அந்தக் கிணற்றிலேதான் இறைத்தோம். பந்தி தொடங்குமுன் தரை தெரிந்துவிட்டது. சாப்பிட்டவர்கள் கை கழுவத் தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் பதறினேன். மாமா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, வந்தவர்களை இலை முன் உட்காரச் சொன்னார்.

"நீங்க சாப்புடுங்க. எந்திரிக்கறதுக்குள்ள ஊறிடும்."

ஊறியிருந்தது.